ஃபார்மட் அடிப்பதற்கு முன்: முசிறி வட்டாரக் கணினிப் பழுதுநீக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில், முசிறி கைகாட்டியிலும் துறையூர் சாலையிலும், தொட்டியம், தா.பேட்டை, காட்டுப்புத்தூர் கடைத்தெருக்களிலும் மடிக்கணினி பழுதுநீக்கும் தொழில் செய்துவரும் அன்பர்களுக்கு:

பள்ளி மாணவர்களுக்கு அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் முயற்சி பாதியில் நின்றுவிடும்போதும், முன்பே அதில் இருந்த லினக்ஸ் பகுதி சிதைந்து இயந்திரம் திறக்க மறுக்கும்போதும், தமிழ்நாட்டின் சிற்றூர்க் கடைகள் பலவற்றில் கிடைக்கும் மறுமொழி ‘ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுவிடலாம்’ என்பதே ஆகும். இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதன்மேல் ஓடும் செயலிகளுக்கும் இடையில் நின்று நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள். அதை மாற்றுவது பெரிய வேலைதான் என்றாலும், மாற்றும்போது நேரும் தடங்கல்கள் எண்ணிக்கையில் மிகச் சிலவே என்பதும், எந்தக் கட்டத்தில் இயந்திரம் நின்றது என்பதைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பதும் இம்மடல் வலியுறுத்த விரும்பும் செய்தி. ஃபார்மட் அடித்த மறுகணம் அந்தத் தடயம் அழிந்துவிடுகிறது. பல வேளைகளில் பிள்ளைகளின் படங்களும் பாடக் குறிப்புகளும் அதனோடு போய்விடுகின்றன.

இதை இப்போது எழுத வேண்டியதன் தேவை 2025 அக்டோபர் 14 அன்று எழுந்தது. அன்றோடு விண்டோஸ் 10 பதிப்புக்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும் இன்டெல் வரிசையில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கட்டாயமாகக் கோருவதால், 2011 முதல் 2016 வரை வழங்கப்பட்ட அரசு மடிக்கணினிகள் அதற்கு முறைப்படி தகுதி பெறுவதில்லை. விண்டோஸ் 7 பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. ஆகவே அந்த இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு மேம்பாடுகளோடு கூடிய வழி ஒன்று வேண்டுமென்றால் அது லினக்ஸ்தான். எல்லோரும் இதை விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இம்மடல் கூறவில்லை. வேறு வழி அடைபட்டிருக்கிறது என்பதையே எடுத்துக்காட்டுகிறது.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கிவைக்கப்பட்டது. எல்காட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரி, லெனோவோ, எச்சிஎல், ஏசர் முதலிய நிறுவனங்களிடமிருந்து மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளின் இயந்திரங்களில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. விண்டோஸ் 7 பதிப்பின் ‘ஸ்டார்ட்டர்’ என்னும் மிகச் சிறிய வகையும் அதனருகே பாஸ் லினக்ஸும் ஒரே வன்தட்டில் நிறுவப்பட்டிருந்தன. பாஸ் என்பது ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் என்னும் உலகளாவிய லினக்ஸ் வெளியீட்டை அடித்தளமாகக் கொண்டு இதை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது என்ற ஒரு செய்தி பழுதுநீக்குநருக்கு மிகவும் பயனுடையது. ஏனெனில் டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றுக்கென எழுதப்பட்ட தீர்வுகளில் பெரும்பாலானவை சிறு மாற்றங்களுடன் பாஸுக்கும் பொருந்தும்.

பல லட்சம் வீடுகளுக்குள் நுழைந்த ஒரு லினக்ஸ் ஏன் வேரூன்றவில்லை என்ற வினாவுக்கு விடை கடைகளில் இல்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அண்டை மாநிலமான கேரளம் தன் ஐடி@ஸ்கூல் திட்டத்தின்கீழ் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளித்தது. கணினிப் பாடநூலையே லினக்ஸில் இயங்கும் செயலிகளைக் கொண்டு எழுதியது. தமிழ்நாட்டிலோ இயந்திரம் மாணவர் கைக்கு வந்ததேயன்றி, திரையில் தோன்றும் இரண்டு பெயர்களில் இரண்டாவது எதற்கு என்று சொல்லித்தருவார் வகுப்பறையில் அரிதாகவே இருந்தனர். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி பதிப்புக்கான ஆதரவு முடிந்தபோது அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறுமாறு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியதுண்டு. அந்த அறிவுரையும் ஆசிரியர் இல்லாத பாடமாகவே நின்றது. பயன்படாத இரண்டாவது இயங்குதளம் மாணவர் பார்வையில் வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பகுதியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதை அழித்தபோதுதான் முதல் சிக்கல் தொடங்கியது. கடைக்கு வரும் பழுதுகளில் விரிவாக ஆராயத் தக்கதும் அதுவே.

பழைய முறை பயாஸைக் கொண்ட இயந்திரங்களில் வன்தட்டின் முதல் செக்டர், அதாவது முதற் கூறு, 512 பைட் அளவுடையது. எம்பிஆர் எனப்படும் இச்சிறு கூற்றில் முதல் 446 பைட்டுகள் இயந்திரத்தை எழுப்பும் நிரலுக்கும், அடுத்த 64 பைட்டுகள் வன்தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்று கூறும் அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. அட்டவணையில் ஒரு பிரிவைப் பற்றி எழுத 16 பைட்டுகள் தேவைப்படுவதால் நான்கு பிரிவுகளுக்கு மேல் அங்கே எழுத இடமில்லை. இந்த எளிய கணக்கை நினைவில் வைத்திருந்தால், பழைய அரசு மடிக்கணினியில் தோன்றும் இரு வேறு பழுதுகள் ஒரே இடத்திலிருந்து கிளைப்பது விளங்கும்.

முதலாவது, ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற சொற்களோடு கருந்திரையில் இயந்திரம் நின்றுபோவது. கிரப் என்பது எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று கேட்கும் தொடக்க நிரல். அதனுடைய தலைப்பகுதி மட்டுமே மேற்சொன்ன 446 பைட்டுக்குள் இருக்கிறது, நடுப்பகுதி முதல் பிரிவுக்கு முன்னுள்ள வெற்றிடத்திலும், பட்டியலையும் பிற துணை நிரல்களையும் கொண்ட எஞ்சிய பகுதி லினக்ஸ் இருக்கும் பிரிவிலும் வைக்கப்பட்டுள்ளன. மாணவர் விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குள் சென்று பெயரில்லாத ஏதோ ஒரு பிரிவு 20, 30 ஜிபியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கருதி அதை நீக்கிவிட்டால், அடுத்த முறை இயந்திரத்தைத் திறக்கும்போது கிரப்பின் தலைப்பகுதி தன் எஞ்சிய உடலைத் தேடிக் காணாமல் அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. விண்டோஸுக்கும் அதிலுள்ள கோப்புகளுக்கும் இதில் எந்தச் சேதமும் இல்லை. விண்டோஸ் 7 நிறுவல் வட்டின் ‘ரிப்பேர்’ வழியில் நுழைந்து, ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற தெரிவுடன் ஒருமுறை இயக்கினால் முதல் 446 பைட்டுகளில் மைக்ரோசாஃப்டின் நிரல் மீண்டும் எழுதப்பட்டு இயந்திரம் திறந்துகொள்ளும். ‘ஹார்ட் டிஸ்க் போய்விட்டது’ என்று கூறி வன்தட்டையே மாற்றுவதற்கோ, முழுவதையும் அழிப்பதற்கோ இங்கே இடமில்லை.

இதே கருந்திரை இன்னொரு காரணத்தாலும் தோன்றும் என்பது பலர் கவனத்துக்கு வராத நுட்பம். நான்குக்கு மேற்பட்ட பிரிவுகள் தேவைப்படும்போது நான்கில் ஒன்றை ‘எக்ஸ்டெண்டட்’ என்னும் கொள்கலனாக்கி, அதனுள்ளே ‘லாஜிக்கல்’ பிரிவுகள் அமைக்கப்படுகின்றன; இவற்றுக்கு ஐந்து, ஆறு, ஏழு என எண்கள் வழங்கப்படும். ஐந்தாம் எண்ணுக்குரிய பிரிவை யாரேனும் நீக்கினால் ஆறாவதாக இருந்தது ஐந்தாவதாகிவிடும். கிரப்போ ஆறாவது பிரிவைத் தேடுமாறு முன்பே எழுதி வைக்கப்பட்டிருப்பதால் ‘அப்படியொரு பிரிவு இல்லை’ என்று கூறி நிற்கும். லினக்ஸ் முழுமையாகவும் நலமாகவும் இருக்கிறது. முகவரி மட்டுமே மாறியிருக்கிறது. அதே கருந்திரையில் ‘எல்எஸ்’ என்று தட்டி, தோன்றும் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் ‘பூட்’ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால் புதிய முகவரி அகப்படும். அதை ‘ப்ரிஃபிக்ஸ்’, ‘ரூட்’ என்ற இரண்டு மாறிகளில் குறித்து ‘நார்மல்’ என்ற துணை நிரலை ஏற்றி இயக்கினால் வழக்கமான பட்டியல் வந்துவிடும். பிறகு லினக்ஸுக்குள் சென்று கிரப்பை மறுபடியும் நிறுவிவிட்டால் பழுது நிலையாக நீங்கும். கட்டளைகளைத் தட்ட விருப்பமில்லாதோர் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே ‘லைவ்’ முறையில், அதாவது வன்தட்டில் எதையும் எழுதாமல் இயக்கி, அதிலுள்ள ‘பூட் ரிப்பேர்’ கருவியைக் கொண்டு இதே வேலையைச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது பழுது, புதிதாக லினக்ஸ் நிறுவ முற்படும்போது வன்தட்டில் வெற்றிடம் கண்ணுக்குத் தெரிந்தும் ‘பயன்படுத்த இயலாது’ என்று நிறுவி, அதாவது நிறுவும் நிரல், கூறுவது. நான்கு இடங்களும் நிரம்பிவிட்டன என்பதே இதன் பொருள். விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய சிறு பிரிவு, சி, டி, தயாரிப்பாளரின் மீட்புப் பிரிவு என நான்கும் ‘பிரைமரி’ வகையாக இருந்தால் ஐந்தாவதற்கு அட்டவணையில் 16 பைட் கிடைக்காது. டி பிரிவின் கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துவைத்து, அதை நீக்கி, அவ்விடத்தில் எக்ஸ்டெண்டட் பிரிவை அமைப்பது முறையான தீர்வு. இதற்கு மாறாக விண்டோஸுக்குள்ளேயே ஐந்தாவது பிரிவை உருவாக்க முயல்வோர் அங்கே தோன்றும் எச்சரிக்கையைப் படிக்காமல் ‘யெஸ்’ அழுத்தினால், முழு வன்தட்டும் ‘டைனமிக் டிஸ்க்’ என்னும் மைக்ரோசாஃப்டுக்கே உரிய அமைப்புக்கு மாறிவிடும். அதன்பின் லினக்ஸ் நிறுவிகள் பொதுவாக அதன்மேல் வேலை செய்வதில்லை. பழைய இயந்திரங்களில் கண்டறிய மிகவும் கடினமான தடங்கல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் விண்டோஸ் அப்போதும் குறையின்றி ஓடிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பற்றி மற்றொன்றும் கூற வேண்டியுள்ளது. அது 32-பிட் வகையில் மட்டுமே வெளிவந்தது. கணினியின் பண்புகளைத் திறந்து பார்க்கும் பலரும் ‘32-பிட்’ என்ற சொல்லைக் கண்டு, இயந்திரமே அவ்வளவுதான் என்று முடிவுசெய்து, இணையத்தில் 32-பிட் லினக்ஸைத் தேடி அலைகின்றனர். அங்கே குறிப்பிடப்படுவது நிறுவப்பட்ட இயங்குதளத்தின் வகை. செயலியின் திறன் வேறு. 2011க்குப் பிந்தைய பென்டியம் டூயல் கோர் மடிக்கணினிச் செயலிகள் 64-பிட் நிரல்களை இயக்க வல்லவை. இவ்வேறுபாடு இன்று பெரிதும் பொருட்படுத்தத் தக்கதாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32-பிட் கணினிகளுக்கான நிறுவியையே கைவிட்டுவிட்டது.

இனி நிறுவலின் தொடக்கத்துக்கு வந்தால், அங்கு நேரும் தவறுகளில் பாதி பென் டிரைவிலேயே நேர்கின்றன. ஐஎஸ்ஓ எனப்படும் வட்டுப் பிம்பக் கோப்பைப் பென் டிரைவில் சாதாரணமாக நகலெடுத்து வைத்தால் இயந்திரம் அதிலிருந்து திறக்காது; ரூஃபஸ், வென்டாய் போன்ற கருவிகள் வழியாகவே அதை எழுத வேண்டும். பதிவிறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்பதை, வெளியிட்டோர் தரும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது என்றாலும், அதைச் செய்யாமல் மூன்று முறை நிறுவிப் பார்த்துத் தோற்பவர்களே மிகுதி. 64 ஜிபி என்று அச்சிட்டு 8 ஜிபி மட்டுமே உள்ள போலிப் பென் டிரைவ்களும் சந்தையில் உலவுகின்றன. நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் அறுந்துபோனால் ஐயம் முதலில் பென் டிரைவ் மீதும் நினைவகச் சில்லு மீதும் செல்ல வேண்டும். ஒரே இடத்தில் அறுந்தால் லினக்ஸ் மீது செல்லலாம்.

பென் டிரைவ் நலமாக இருந்தும் தொடக்கப் பட்டியலில் தோன்றாவிட்டால் காரணம் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ அமைப்பில் உள்ளது. பழைய பயாஸுக்கு மாற்றாக வந்த இத்தொடக்க மென்பொருள், ‘செக்யூர் பூட்’ என்ற காவலையும் உடன் கொண்டுவந்தது. அறியப்பட்ட கையொப்பம் இல்லாத எந்தத் தொடக்க நிரலையும் அது உள்ளே விடாது. உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவை அத்தகைய கையொப்பத்துடன் வருகின்றன. எல்லா வெளியீடுகளும் அப்படி வருவதில்லை. ஏசர் மடிக்கணினிகளில் செக்யூர் பூட் வரி மங்கலாகி, மாற்ற முடியாதபடி தோன்றுவதைக் கண்டு பலர் இயந்திரமே பூட்டப்பட்டுவிட்டதாக நினைத்துவிடுகின்றனர். அதே யூஇஎஃப்ஐ அமைப்பில் ‘சூப்பர்வைசர் பாஸ்வேர்டு’ ஒன்றை முதலில் அமைத்தால் அவ்வரி உயிர்பெறும். வேலை முடிந்தபின் கடவுச்சொல்லை வெறுமையாக்கிவிடலாம். மறந்துவிட்டால் மதர்போர்டு வரை போக நேரும் என்பதால் அதை வாடிக்கையாளரின் சீட்டிலேயே எழுதி வைப்பது நலம். இதனோடு சேர்த்து, விண்டோஸ் எந்த முறையில், பழைய ‘லெகஸி’ முறையிலா யூஇஎஃப்ஐ முறையிலா, நிறுவப்பட்டுள்ளதோ அதே முறையில் லினக்ஸையும் நிறுவ வேண்டும். முறைகள் மாறினால் இரண்டும் தனித்தனியே நலமாக இருந்தும் ஒரே பட்டியலில் தோன்றமாட்டா.

பட்டியல் தோன்றி, லினக்ஸைத் தேர்ந்தெடுத்தபின் திரை கறுத்துப் போனால் அது காட்சிச் சில்லுக்கான டிரைவர், அதாவது இயக்கி மென்பொருள், செய்யும் கோளாறு. தொடக்க வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் எளிய காட்சி முறையில் திறக்கும். அது நிறுவலை முடிப்பதற்கான தற்காலிக வழி மட்டுமே; அப்படியே விட்டுவிட்டால் படக்காட்சிகள் தடுமாறி, வாடிக்கையாளர் ‘லினக்ஸ் மெதுவாக இருக்கிறது’ என்று திரும்பி வருவார்.

வைஃபை வேலை செய்யாமை அடுத்த பெருந்தடை. குறைந்த விலை மடிக்கணினிகளில் பிராட்காம், ரியல்டெக் நிறுவனங்களின் சில்லுகள் மிகுதி. பிராட்காமின் சில வகைகளுக்குத் தனியுரிமை இயக்கி வேண்டும். ரியல்டெக் 8821சிஇ என்ற பரவலான சில்லுக்கு லினக்ஸ் கெர்னலின், அதாவது இயங்குதளக் கருவின், 5.9 பதிப்பிலிருந்துதான் உள்ளார்ந்த ஆதரவு கிடைத்தது. இயக்கியை இறக்க இணையம் வேண்டும், இணையம் பெற இயக்கி வேண்டும் என்ற சுழலில் சிக்கிப் பலர் நிறுவலைக் கைவிடுகின்றனர். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து ‘யூஎஸ்பி டெதரிங்’ தெரிவை இயக்கினால், வைஃபை சில்லின் உதவியே இல்லாமல் கைப்பேசியின் இணையம் மடிக்கணினிக்கு வந்துவிடும். லினக்ஸ் இதைக் கம்பிவழி இணைப்பாகவே கருதிக்கொள்ளும். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல், சில்லுகளுக்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் நிறுவியோடே தரப்படுவதால் இத்தொல்லை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

இரண்டு இயங்குதளங்களும் நலமாகத் திறந்தபின் எழும் முறையீடு ஒன்று இந்தியாவுக்கே உரிய வடிவில் வருகிறது. விண்டோஸில் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கி நிற்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதே காரணம். அக்கடிகாரத்துக்கான சிமாஸ் பேட்டரியை மாற்றினாலும் இது தீராது. லினக்ஸில் ஒரே கட்டளையால் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றச் செய்தால் தீர்ந்துவிடும். பிழை சரியாக ஐந்தரை மணி நேரமாக இருக்கிறதா என்று பார்ப்பதே இதற்குரிய சோதனை. விண்டோஸ் பிரிவின் கோப்புகளை லினக்ஸில் படிக்க மட்டுமே முடிகிறது, எழுத முடியவில்லை என்றால், விண்டோஸ் முழுமையாக அணையாமல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற அரைத்துயிலில் இருக்கிறது என்று பொருள். அத்தெரிவை நீக்கிவிட வேண்டும்.

புதிய இயந்திரங்களில் ஆபத்து வேறிடத்தில் உள்ளது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது; முசிறி அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி மாணவர்களும் விண்டோஸ் 11 இயந்திரங்களோடு இனி கடைகளுக்கு வருவர். இவற்றில் வன்தட்டு முழுவதும் ‘பிட்லாக்கர்’ முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கக் கூடும், அதுவும் உரிமையாளர் அறியாமலேயே. பழைய வழக்கப்படி செக்யூர் பூட்டை அணைத்தவுடன் 48 இலக்க மீட்பு எண்ணை இயந்திரம் கேட்கும். எண் கிடைக்காவிட்டால் கோப்புகளை மீட்க எவராலும் இயலாது. எனவே எதிலும் கை வைக்கும் முன்பு, மாணவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருப்பதை உறுதிசெய்து எழுதிக்கொள்ள வேண்டும். வன்தட்டே நிறுவியின் கண்ணுக்குத் தெரியாமல் போனால் இன்டெல்லின் ‘விஎம்டி’ அமைப்பைச் சோதிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் மேம்பாடு, பழைய கையொப்பம் கொண்ட லினக்ஸ் தொடக்க நிரல்களைத் தடுத்து, உலகெங்கும் இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றை முடக்கியதுபோல, பழுதின் வேர் லினக்ஸில் இல்லாத வேளைகளும் உண்டு.

லினக்ஸ் எல்லாருக்கும் ஏற்றதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்தைச் சுற்றியுள்ள தட்டச்சுக் கடைகளில் பரவலாகக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 அச்சுப்பொறியை லினக்ஸில் இயக்குவது இன்றளவும் பெருந்தொல்லை. வானவில், பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில் பத்திரங்களையும் மனுக்களையும் சேமித்து வைத்திருப்போருக்கும், டேலியில் கணக்கு எழுதும் வணிகர்களுக்கும் விண்டோஸே வசதி. அவர்களை மாறச் சொல்வது வீண் பிடிவாதம். பாடம் படிக்க, இணையம் பார்க்க, நிரல் எழுதிப் பழக, யூனிகோடில் தமிழ் தட்டச்சு செய்ய ஒரு கணினி வேண்டும் என்று வருபவருக்கு, 2 ஜிபி நினைவகத்தை 4 ஆக்கி, வன்தட்டுக்குப் பதில் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்புடைய லினக்ஸை நிறுவிக் கொடுத்தால் அந்தப் பழைய அரசு மடிக்கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

உரிமம் இல்லாத விண்டோஸைச் செயல்படுத்தித் தருவதற்காகப் பயன்படும் ‘ஆக்டிவேட்டர்’ நிரல்கள் பெரும்பாலும் தீநிரல்களைச் சுமந்தே வருகின்றன என்பது தொழிலில் உள்ளோர் அறிந்ததே. சட்டத்தின் நிலை அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, உரிமை மீறிய மென்பொருள் நகலை அறிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படாத பயன்பாட்டுக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம் என்ற சலுகை அதிலேயே உள்ளது. கட்டணம் பெற்று நிறுவித்தரும் கடைக்கு அச்சலுகையை நாடுவது எளிதன்று.

கற்றுக்கொள்ளத் தமிழிலேயே வாய்ப்புகள் உள்ளன. 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழும், நித்யா துரைசாமி எழுதிய எளிய தமிழில் குனு லினக்ஸ் நூலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விழுப்புரத்தில் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழு, சிற்றூர் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இலவசப் பயிற்சி அளித்து வருகிறது. விழுப்புரத்தில் இயன்றது முசிறியிலும் இயலும். கல்லூரி இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, இயந்திரங்களும் வீடுகளில் தூசு படிந்து கிடக்கின்றன.

ஆகவே இம்மடல் முசிறி வட்டாரப் பழுதுநீக்குநர்களிடம் வேண்டுவன மிகக் குறைவு. லினக்ஸ் நின்றுபோன மடிக்கணினி மேசைக்கு வந்தால், பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் அதைத் திறந்து கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்; திரையில் நின்ற சொற்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டாவது இயங்குதளத்தை அழிப்பதானால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு அழியுங்கள். ஃபார்மட் அடிக்கும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டாலும் கட்டணம் குறையப்போவதில்லை.